ஊருக்குப் போனபோது லாக்கிங் ஹப்பில் பார்த்த வேலை

அண்ணனுடைய ஃபோர் வீல் பிக்கப், சேற்றில் முன்சக்கரம் இழுக்காமல் நின்றுவிட்டது. இந்த வண்டியில் முன்சக்கரங்களின் நடுவில் லாக்கிங் ஹப் உண்டு. அதன் குமிழை 'லாக்'கில் திருப்பினால்தான் சக்கரம், அதைச் சுழற்றும் தண்டோடு (ஆக்ஸில் ஷாஃப்ட்) சேரும். முதலில் காட்டிய பட்டறையில் ஜாக்கிகூடப் போடாமல், "ரெண்டு ஹப்பையும் புதுசா மாத்திடுங்க" என்றார்கள். எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. வேறொருவரிடம் கொண்டுபோனோம்.

அவர் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு ஹப்பையும் 'லாக்'கில் திருப்பி, சக்கரங்களைக் கையால் சுற்றினார். சக்கரத்தோடு உள்ளே ஆக்ஸில் ஷாஃப்டும் சுற்ற வேண்டும். இடதில் சுற்றியது, வலதில் இல்லை. "இடது நல்லாத்தானே இருக்கு, அந்தப் பக்கமாவது இழுக்கணுமே" என்று அண்ணன் கேட்டார். இரண்டு பக்கத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் சுற்றினால் சுழற்சியெல்லாம் அந்த வழியாகவே போய்விடும். ஒரு ஹப் பிடிக்காவிட்டால் முன்பக்கம் மொத்தமும் சும்மாதான்.

வெளிநாட்டில் வண்டியை விட்டால் வரவேற்பறையில் உட்காரச் சொல்வார்கள். இங்கே பக்கத்திலேயே நின்று பார்க்க விட்டார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஹப் மூடியின் போல்ட்டுகளையும் சர்க்கிளிப் என்ற பூட்டு வளையத்தையும் கழற்றியதும் காரணம் தெரிந்தது. கிரீஸ் பால்போல வெளுத்திருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஹப் தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தளர்ந்திருந்தால் அந்த வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு, முன்பு யாரோ கெட்டியான பேரிங் கிரீஸை உள்ளே திணித்து வைத்திருந்தார்கள். அதனால், லாக் ஆகும்போது நகர்ந்து பல்லோடு பல் சேர வேண்டிய வளையத்தை ஸ்பிரிங்கால் தள்ள முடியவில்லை. ஹப்பில் கோளாறே இல்லை, அழுக்குதான்!

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்த்து, துருவை மெல்லிய எமரித் தாளால் எடுத்தார். பிறகு விரலால் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, புது ஓ-ரிங்கும் கேஸ்கட்டும் போட்டார். தண்ணீர் அதுவரை போயிருக்கலாம் என்று சக்கர பேரிங்கையும் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் வைத்து, ஆட்டம் இல்லாதபடி நட்டைச் சரிசெய்தார்.

ஒரு குறை உண்டு. இடது பக்கத்தை "அது ஓடுது, விடுங்க" என்றார். நாங்கள் வற்புறுத்தித்தான் திறக்க வைத்தோம். அங்கேயும் கிரீஸ் வெளுக்க ஆரம்பித்திருந்தது. இந்த வேலைக்கு விட்டால் இரண்டு பக்கத்தையும் திறக்கச் சொல்லுங்கள்.

ஹப்பின் குமிழைக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும், பிளையர் போட்டால் உடையும் என்றார். இறுகினால் வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் போதும். மாதம் ஒருமுறையாவது ஹப்பை லாக் செய்து சில கிலோமீட்டர் ஓட்டினால் முன் டிஃபரன்ஷியலுக்குள் எண்ணெய் பரவும். அப்போது உள்ளே இருக்கும் ஃபோர் வீல் லிவர் டூ வீலிலேயே இருக்கலாம். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக் கூடாது. அப்புறம், ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் மூடியைக் கழற்றி ஒருமுறை கிரீஸின் நிறத்தைப் பார்த்துவிடச் சொன்னார்.