பழைய நாயகனா, வெளியாளா? செல்சி ஒரே சீசனில் பார்த்த இரண்டு வழிகள்

2019 ஜூலையில் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சி தவித்துக்கொண்டிருந்தது. புது வீரர்களை வாங்க உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தடை. நட்சத்திர வீரர் ஹசார்டும் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் ஃபிராங்க் லாம்பார்டைப் பயிற்சியாளராக்கினார்கள். டெர்பி கவுன்ட்டி என்ற கிளப்பில் ஒரே ஒரு சீசன், அவ்வளவுதான் அவருடைய பயிற்சி அனுபவம். ஆனால் செல்சிக்காக 211 கோல் அடித்தவர். கிளப் வரலாற்றில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேறு யார் வந்திருந்தாலும் நாலு தோல்வியில் ரசிகர்கள் கொதித்திருப்பார்கள். லாம்பார்டுக்குப் பொறுத்துப் போனார்கள். அந்தப் பொறுமைக்காகத்தான் கிளப்புகள் பழைய வீரர்களைத் தேடிப் போகின்றன என்பது என் கணிப்பு.

அந்த அவகாசத்தை அவர் வீணாக்கவில்லை. மேசன் மவுன்ட், ரீஸ் ஜேம்ஸ் என்று அகாடமிப் பையன்களை, அதாவது கிளப்பே வளர்த்த இளைஞர்களை, முதல் அணிக்குள் கொண்டுவந்தார். அணி இங்கிலாந்து லீக்கில் நான்காம் இடம் பிடித்தது.

தடை நீங்கியதும் 2020 கோடையில் 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து வெர்னர், ஹாவர்ட்ஸ் எனப் பலரை வாங்கினார்கள். இப்போது வேலையே வேறு: விலை உயர்ந்த வீரர்களை ஓர் அமைப்புக்குள் பொருத்த வேண்டும். அங்கேதான் லாம்பார்ட் தடுமாறினார். 2021 ஜனவரியில் அணி ஒன்பதாம் இடத்தில் இருந்தபோது அவரை நீக்கினார்கள்.

அடுத்து வந்த தாமஸ் துகெல் முழங்கால் காயத்தால் 25 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். செல்சியோடு எந்தப் பழைய உறவும் இல்லை. தடுப்பில் மூவரை நிறுத்தினார். ஓரங்கட்டப்பட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ருடிகரைத் திரும்பக் கொண்டுவந்தார். மே 29 அன்று போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்கள். அதே வீரர்கள்தான், நான்கே மாதம்தான். ஆனால் ஹாவர்ட்ஸின் அந்தக் கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் லாம்பார்ட் வளர்த்த மவுன்ட். இதை மறந்துவிட்டு லாம்பார்டைத் தோற்றவர் என்று மட்டும் சொல்வது அநியாயம்.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? இளைஞர்களை வைத்து அணியைப் புதிதாகக் கட்டும்போது பழைய நாயகன். சீசன் நடுவே கப்பல் சாயும்போது தயங்காமல் வெளியாள். 2023 ஏப்ரலில் செல்சி இதைத் தலைகீழாகச் செய்தது. இடைக்காலப் பொறுப்புக்கு லாம்பார்டையே மீண்டும் அழைத்தது. 11 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி.

அப்புறம், பழைய வீரர் எங்கே தொழில் பழகினார் என்பதையும் பார்க்க வேண்டும். 2008இல் பிரபல பயிற்சியாளர் மொரின்யோவையும் சந்தித்துப் பேசிய பார்சிலோனா, கடைசியில் தன் பழைய வீரர் குவார்டியோலாவை எடுத்தது. அவர் அதற்கு முந்தைய சீசன் முழுக்க அவர்களுடைய பி அணியை (இரண்டாம் அணியை) நடத்தி, மேல் பிரிவுக்கு ஏற்றியிருந்தார். புஸ்கெட்ஸ், பெத்ரோ என்ற வீரர்களை அங்கிருந்துதான் கூட்டி வந்தார். இத்தாலியின் யுவென்டஸோ 2020இல் தன் பழைய வீரர் பிர்லோவை இளையோர் அணிக்கு நியமித்துப் பத்து நாள்கூட ஆகாமல், ஒரு போட்டியைக்கூட நடத்தவிடாமல் முதல் அணியைக் கையில் கொடுத்தது. தொடர்ந்து ஒன்பது முறை வென்ற லீக் பட்டம் அந்த சீசனில் கைநழுவியது. அடுத்த சீசனுக்குள் பிர்லோ வெளியே.