கண்ணாடிப் பேழையும் தொட்டுப் பார்க்கும் மேசையும்

நிலவியல் அருங்காட்சியகங்கள் பலவற்றில் கற்களைக் காண இரு வழிகள் உண்டு: கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்ப்பது ஒன்று, தொடுவதற்கென்றே வைத்த மாதிரிகளைக் கையிலெடுத்துப் பார்ப்பது மற்றொன்று.

பேழையில் இருப்பவை பெரும்பாலும் பொறுக்கியெடுத்த அழகிகள். முனை மழுங்காத படிகங்களை அங்கேதான் காண முடியும். வெளிச்சத்தில் மஞ்சள் தூளாக உதிரக்கூடிய, ஆர்செனிக் கலந்த ரியல்கார் போன்றவற்றுக்குப் பேழையை விட்டால் வேறு இடமில்லை.

ஆயினும், கற்றுக்கொள்ள வருபவருக்கு மேசையே மேல் என்பேன். ஒரே அளவுள்ள குவார்ட்ஸையும் ஈயத்தாதுவான கலீனாவையும் இரு கைகளில் ஏந்தினால், 2.65-க்கும் ஏறத்தாழ 7.5-க்கும் இடையிலான அடர்த்தி வேறுபாட்டை மணிக்கட்டே சொல்லிவிடும். பேழையின் பெயர்ச்சீட்டில் அது வெறும் எண்தான். தெளிந்த கால்சைட் துண்டை அச்செழுத்தின்மேல் வைத்து மெல்லச் சுழற்றினால், எழுத்து இரண்டாகத் தெரிவதோடு, ஒன்று அசையாமல் நிற்க மற்றொன்று அதைச் சுற்றி வருவதையும் காணலாம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால், தொலைவில் சாம்பல் நிறமாகத் தெரிந்த கிரானைட், கண்ணாடி போன்ற குவார்ட்ஸாகவும், தட்டையாகப் பிளந்த ஃபெல்ட்ஸ்பாராகவும், ஏடேடாக மின்னும் மைக்காவாகவும் பிரிந்து தெரியும்.

கடினத்தன்மையை மட்டும் இரண்டிலும் சோதிக்க இயலாது. மேசையிலும் கீறிப் பார்ப்பதற்குப் பொதுவாக அனுமதியில்லை.