முடித்த பின்னும் விடாத நாவல் எது? சிவகாமி, மரகதம், யமுனா, அப்புறம் விஷ்ணுபுரம்

கதாபாத்திரங்களை எடை போடுவது காரைக்குடிப் பக்கத்துப் பழக்கம். சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து, பரதன் பெரியவனா இலக்குவன் பெரியவனா என்று மேடையில் வழக்காடக் கேட்டு வளர்ந்த ஊர் இது. நாவல் படிக்கும்போதும் அந்தப் பழக்கம் போவதில்லை. கல்யாண வீட்டு வளவில் நாலு பேர் உட்கார்ந்தால் 'பொன்னியின் செல்வன்' நந்தினி செய்தது சரியா என்று பேச்சு கிளம்பிவிடும்.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி அடிக்கடி புத்தகம் கேட்டு வருவாள். போன மாதம் வந்தபோது, "அக்கா, படிச்சு முடிச்சா ஒரு வாரத்துக்கு வேற புத்தகத்தைத் தொட முடியக் கூடாது. காதல் இருக்கணும், இல்லேன்னா வேற ஒரு உலகமே இருக்கணும். அப்படி ஒண்ணு சொல்லுங்க" என்றாள். ஒரே பேரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவளுக்காக எடுத்துவைத்த நாவல்களைத்தான் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். காதல் கதையில் இருவரையும் பிரிப்பது ஒரு வில்லன் என்றால், அவன் தோற்றதும் கதை முடிந்துவிடுகிறது. மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பிரித்தவர்கள் எல்லோரிடமும் நியாயம் இருந்தால் தூக்கம் வராது. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் அந்த வழக்கு நம் தலைக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

இந்த அளவுகோலில் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' மிக உயரத்தில் நிற்கிறது. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி, பல்லவ இளவரசன் மாமல்லன், சளுக்கியத் தலைநகர் வாதாபியின் சிறை. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதில் ஒரு இடம் இருக்கிறது. மாமல்லன் மாறுவேடத்தில் வாதாபிக்குள்ளேயே வந்துவிடுகிறான். கூப்பிடுகிறான். புறப்பட்டால் போதும். அவள் வர மறுக்கிறாள். இந்த நகரத்தை எரித்து என்னை மீட்டுப் போ என்று தான் போட்ட சபதத்தில் நிற்கிறாள்.

இந்த இடத்தைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியோடு பேசாத வருஷம் கிடையாது. நான் எப்போதும் சிவகாமியின் பிடிவாதம் அவளையே அழித்துவிட்டது என்று தொடங்குவேன். ஆச்சி விடமாட்டார்: "வீம்பு இல்லத்தா. கூடப் பிடிபட்ட பொம்பளைகள் பட்ட பாட்டைக் கண்ணால பாத்தவ அவ. தான் மட்டும் எப்படிக் கிளம்பி வருவா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமல்லனைக் குறை சொல்லலாம் என்றால், சாகக் கிடக்கும் தந்தை மகேந்திரவர்மர் ராஜ்யத்தைக் காப்பாற்றச் சொல்லி, பாண்டிய இளவரசியை மணக்கக் கேட்டுக்கொள்கிறார். மகேந்திரரைக் குறை சொல்லலாம் என்றால், காஞ்சி முற்றுகையின் துயரம் கண்முன் நிற்கிறது. வாதாபி எரிந்து, சிவகாமி மீண்டு வரும்போது, அவளுக்கு என்று வைத்திருந்த இடத்தில் வேறொருத்தி இருக்கிறாள். நாகநந்தி என்று ஒரு வில்லன் இருக்கத்தான் செய்கிறான். ஆனால் அவன் இல்லாவிட்டாலும் இவர்கள் சேர்ந்திருப்பார்களா என்று சந்தேகம் வரும்படி கல்கி எழுதியிருக்கிறார். அதுதான் அந்த நாவலின் பலம்.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். கடைசியில் கல்கி ஆறுதல் தந்துவிடுகிறார். ஏகாம்பரநாதர் சந்நிதி, அப்பரின் 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்', இறைவனுக்கே தன்னைக் கொடுத்துவிட்ட சிவகாமி. படிக்கும்போது கண் கலங்குகிறது. ஆனால் அந்தப் பாட்டு நம் காயத்தையும் சேர்த்து ஆற்றிவிடுகிறது.

ஆறுதலே தராத நாவல் ஒன்றை எங்கள் பக்கத்துக்காரர் எழுதியிருக்கிறார். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் தாண்டினால் சிங்கம்புணரி. பா. சிங்காரத்தின் ஊர். இளவயதில் இந்தோனேசியாவுக்குப் போய் மைடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். போருக்குப் பிறகு திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் இருந்தார். பேர் சொன்னதும் எல்லோருக்கும் 1972-ல் வந்த 'புயலிலே ஒரு தோணி'தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே, கலைமகள் போட்டியில் பரிசு பெற்று, 1959-ல் புத்தகமாக வந்தது 'கடலுக்கு அப்பால்'. சின்ன நாவல். இடம் பினாங்கு, காலம் ஜப்பானியர் ஆட்சியும் அதை ஒட்டிய நாட்களும்.

செல்லையா என்ற இளைஞன், கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளை, அவர் மகள் மரகதம். பெண்ணை இவனுக்குத்தான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. போர் வருகிறது. செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கிறான். போர் முடிந்து கடைக்குத் திரும்பினால், பிள்ளையின் மனம் மாறிவிட்டிருக்கிறது. பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனிமேல் பேரேட்டுக்கு முன்னால் அடங்கி உட்கார மாட்டான் என்பது அவர் கணக்கு.

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணக் காரணமாகத் தோன்றலாம். செட்டிநாட்டில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போன குடும்பங்களில் ஒரு ஆள் படிப்படியாகத்தான் ஏறுவான். முதலில் பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள். மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறினால், அதுவரை பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்க முடியாது. கிட்டங்கி என்ற கடைக்கூடத்தில் கைமேசைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாயை அடக்கி, கணக்கை மட்டும் பார்த்தவன்தான் நம்பிக்கையானவன். அந்த ஒழுங்கில்தான் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பர்மாத் தேக்கு இழைத்த வீடுகள் எழும்பின. வயிரமுத்துப் பிள்ளை கொடுமைக்காரர் இல்லை. தான் வாழ்ந்த வாழ்க்கையின் சட்டத்தைத் தவிர வேறொன்றை அறியாத மனிதர். அவர் மறுப்பது செல்லையாவின் குணத்தை அல்ல, அவனுக்குள் புகுந்துவிட்ட போரை. அவன் மீது எந்தத் தப்பும் இல்லை. மரகதம் மீதும் இல்லை. இருந்தும் சேர முடியவில்லை. கோயில் இல்லை, பாட்டு இல்லை. நண்பன் மாணிக்கத்தின் பேச்சு மட்டும் இருக்கிறது. அதுவும் துயரத்தைக் கூர்மையாக்குகிறதே தவிரக் குறைக்கவில்லை.

சிவகாமியையும் மரகதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், என் கை மரகதத்தின் பக்கம்தான் போகிறது. சிவகாமி சபதம் செய்தாள். தன் வாழ்க்கையைத் தானே ஒரு திசையில் திருப்பினாள். மரகதத்துக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடையாது. அவள் பேசும் இடங்களே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவள் பேசாமல் விட்டதையெல்லாம் நாமே நினைத்து நினைத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. நாவல் முடிந்த பிறகும் அந்த வேலை ஓய்வதில்லை.

இதே கடலில்தான் சாண்டில்யனின் 'கடல் புறா'வும் ஓடுகிறது. 'குமுதம்' தொடராக வந்த மூன்று பாகப் பெரும் நாவல். இளையபல்லவன் கருணாகரன், கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி, மஞ்சளழகி. கடாரம் என்பது இன்றைய கெடா, பினாங்குக்கு எதிர்க்கரை. சாண்டில்யன் அந்த நீரில் போர்க்கலம் விடுகிறார், சிங்காரம் அதன் கரையில் வட்டிக்கடை வைக்கிறார். 'கடல் புறா' படிக்கும்போது கீழே வைக்க முடியாது, உண்மை. முடித்த பிறகு என்னிடம் தங்கியது அந்தக் கப்பலும் அட்சயமுனைக் கோட்டையும்தான். காதல் தங்கவில்லை. கேட்டதெல்லாம் கதாநாயகனுக்குக் கிடைத்துவிட்டது, நமக்கு யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை. ரயில் பயணத்துக்கு அதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். அந்தப் பெண் கேட்டதற்கு அது பதில் இல்லை.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்த நாவல். அரவிந்தன், பூரணி என்று குழந்தைகளுக்குப் பேர் வைத்த வீடுகள் ஏராளம். அரவிந்தன் சாவதும், மணமாகாமலேயே பூரணி கைம்பெண்ணைப் போல வாழ்வதும் அந்தக் காலத்தில் பலரைத் தூங்கவிடவில்லை. இன்று படித்தால் இருவரும் மனிதர்களைவிட லட்சியங்களாகவே தெரிகிறார்கள். அவர்களை மதிக்க முடிகிறது. அவர்களோடு சண்டை போட முடியவில்லை.

என் அளவுகோலுக்கு அடங்காத நாவல் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. இங்கே பிரிக்கிறவர் யாரும் இல்லை. கும்பகோணத்தில் சங்கீதம் கற்கும் பாபு, அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா. அவள் மறுக்கிறாள், ஆண்டுகள் போகின்றன, கடைசியில் சென்னையில் இணங்குகிறாள். கிடைக்காத காதல்தான் மனதில் நிற்கும் என்றால் இந்த நாவல் அங்கேயே முடிந்து போயிருக்க வேண்டும். அங்கேதான் அது தொடங்குகிறது. இத்தனை வருஷ ஏக்கம் கைக்கு வந்ததும் அதன் எடை என்ன என்று யமுனாவே பாபுவிடம் கேட்பது மாதிரி ஆகிவிடுகிறது. அவன் மறுபடி சங்கீதத்தைத் தேடிப் போகிறான். கிழவருக்கு வாழ்க்கைப்பட்டு, பாபுவை நாடி, உயிரை விட்டுவிடும் தங்கம்மாவை என்னால் இன்றுவரை ஓரிடத்தில் இறக்கி வைக்க முடியவில்லை. நாவலில் அவளுக்குக் கிடைத்த பக்கங்கள் குறைவு. யமுனாவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தங்கம்மாவுக்காகப் பேச நான் எப்போதும் தயார்.

காதலை விட்டு வேறு உலகத்துக்கு வருவோம். இங்கே போட்டி பொன்னியின் செல்வனுக்கும் விஷ்ணுபுரத்துக்கும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மாயக்கதை இல்லை, சரித்திர நாவல். ஆனாலும் வாசகர்கள் அதற்குள் குடிபோகிற விதம் மாய உலகத்துக்குள் போவது போலத்தான். 1950 முதல் 1954 வரை வந்த தொடர். அதை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் இன்னும் எங்கள் ஊர் வீட்டுப் பெட்டகங்களில் இருக்கின்றன. ஓவியர் மணியத்தின் படம் ஒரு பக்கம், பின்பக்கம் அந்தக் கால விளம்பரம், ஓரத்தில் யாரோ பென்சிலால் தேதி எழுதிய தடம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். தொடர் முடிந்தபோது வாசகர்கள் அந்த உலகத்தை விட்டு வெளியே வர மறுத்திருக்கிறார்கள். இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்குக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. ஒரு நாவல் நின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனக்கு அதில் நிற்பவள் நந்தினி இல்லை, சம்புவரையர் மகள் மணிமேகலை. வந்தியத்தேவனை ஒருதலையாக நேசித்து, சித்தம் கலங்கி, கடைசி அத்தியாயத்தில் உயிர்விடுகிறாள். அத்தனை பெரிய ராஜ்ய நாடகத்தைக் கல்கி இந்தச் சின்னப் பெண்ணின் சாவில் கொண்டு வந்து முடிக்கிறார். 2022, 2023-ல் வந்த திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அவளைத் தெரியாது. புத்தகத்தைப் படிக்க இந்த ஒரு காரணம் போதும்.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997-ல் வந்தது. சோனா நதிக்கரையில் கற்பனையான ஒரு கோயில் நகரம். படுத்திருக்கும் விஷ்ணு சிலை அவ்வளவு பெரியது. பாதம் ஒரு வாசலில், மார்பு ஒரு வாசலில், முடி ஒரு வாசலில். யுகத்துக்கு ஒருமுறை அவர் புரண்டு படுப்பார் என்பது அங்கே நம்பிக்கை. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதிகள். முதற்பகுதியில் திருவிழாக் கூட்டத்தில் நாம் தொலைந்து போகிறோம். இரண்டாம் பகுதி காலத்தில் அதற்கும் முன்னால் போகிறது. முதலில் தெய்வமாகவும் புராணமாகவும் கேள்விப்பட்டவர்கள் இங்கே வியர்வையும் சந்தேகமும் உள்ள மனிதர்களாக வருகிறார்கள். மூன்றாவதில் எல்லாம் சிதைந்து, வெள்ளம் வருகிறது.

இதன் பிடி அந்த வரிசை மாற்றத்தில்தான் இருக்கிறது. ஒரு மனிதனின் அவசர முடிவு நூற்றாண்டுகள் கழித்துச் சடங்காக மாறி நிற்பதை நாம் முன்பே பார்த்துவிட்டோம். காரணம் பிறகுதான் தெரிகிறது. இதைப் படித்த பிறகு எந்தப் பெரிய கோயிலுக்குள் போனாலும் என் கண் மாறிவிட்டது. பிள்ளையார்பட்டியில் குடைவரைப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும்போதுகூட, முதல் உளியை வைத்தவன் யார், அவன் மனதில் என்ன இருந்தது என்று யோசனை ஓடுகிறது. பொன்னியின் செல்வன் தன் மனிதர்களை என்னோடு அனுப்பி வைத்தது. விஷ்ணுபுரம் நான் பார்க்கும் விதத்திலேயே கை வைத்துவிட்டது. வேறு உலகம் என்று கேட்டால் இதைத்தான் முதலில் வைப்பேன். குறையும் உண்டு. ஞானசபை விவாதங்கள் நீளம், இந்தியத் தத்துவத்தில் கொஞ்சமாவது பரிச்சயம் இல்லையென்றால் கௌஸ்துபத்தில் மூச்சுத் திணறும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தேன்? 'கடலுக்கு அப்பால்'. இரண்டு நாளில் படித்துவிடலாம். 'புயலிலே ஒரு தோணி'யோடு சேர்த்து ஒரே தொகுதியாகவும் பதிப்புகள் வந்திருக்கின்றன, அப்படிக் கிடைத்தால் இதை முதலில் படிக்கச் சொன்னேன். அடுத்தது 'சிவகாமியின் சபதம்'. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்கும். நான்கு பாகமும் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். மூன்றாம் பாகம் 'பிக்ஷுவின் காதல்' முடிகிற இடத்தில் நாலாவதுக்காகக் காத்திருப்பது பெரிய வேதனை. 'மோகமுள்' இன்னும் சில வருஷம் போகட்டும். 'விஷ்ணுபுரம்' பரீட்சை முடிந்த விடுமுறைக்கு. ஸ்ரீபாதத்தில் பேர்கள் குழப்பும், அதற்காக நிறுத்திவிட வேண்டாம், கௌஸ்துபத்துக்கு வந்ததும் எல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.