பரணிலிருந்து இறங்கிய டிவி கேம்: பிள்ளைகளோடு மூன்று ஆண்டு அனுபவம்

1996 பொங்கலுக்கு முன்பு அப்பா சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிவந்த டிவி கேம் எங்கள் வீட்டில் இன்னமும் ஓடுகிறது. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவியைப் பார்த்துச் செய்த பெயரில்லாத நகல்களில் ஒன்று அது. மேலே விளையாட்டு கேசட் செருகும் வாய், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. அன்று எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. 2022 கோடை விடுமுறையில் அதைப் பரணிலிருந்து இறக்கி என் மகளுக்கும் மகனுக்கும் கொடுத்தேன். அவர்கள் கையில் மூன்று ஆண்டுகள் அது எப்படி உழைத்தது, அதைச் சாக்கிட்டு நான் சேர்த்துவைத்திருந்த அடைசல் என்ன ஆனது என்பதை எழுதுகிறேன்.

இறக்கிய அன்றே மின்சாரம் கொடுக்கவில்லை. பழைய அடாப்டரை நம்ப முடியாது. கருவியின் அடியில் அச்சிட்டிருந்த வோல்டேஜையும், பின்னின் நடுமுனை நேரா எதிரா என்பதையும் பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். கேசட்டுகளில் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் திரையைத்தான் காட்டின. சிறுவயதில் வாயால் ஊதித்தான் செருகுவோம். ஊதினால் ஓடும் என்று தெருவே நம்பியது. உண்மையில் கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடியிருக்கிறது. நாங்கள் ஊதிய ஈரம் உள்ளே இருக்கும் செம்புப் பட்டைகளுக்குக் கெடுதல்தான் செய்திருக்கிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்தபோது கறுப்புக் கறுப்பாக வந்தது. பதினான்கில் ஒன்பது உயிர்பெற்றன. அழுத்தினால் பதில் சொல்லாத பொத்தான்களுக்கு, டிவி ரிமோட் பழுதுபார்க்கும் கடையில் உள்ளிருக்கும் ரப்பரை மாற்றித் தந்தார்கள்.

முதலில் கான்ட்ரா என்ற சுடும் விளையாட்டைப் போட்டேன். இத்தனை ஆண்டு இதற்காகத்தான் காத்திருந்தேன். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற ரகசியப் பொத்தான் வரிசையை விரல்கள் தாமாகவே அழுத்தின. மூன்று உயிர் முப்பதானது. மகள் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, “எல்லா உயிரும் போய்விட்டால் முதலிலிருந்தா அப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஜாய்ஸ்டிக்கைத் தன் தம்பியிடம் நீட்டிவிட்டு எழுந்து போனாள். சூப்பர் மாரியோவிலும் அதே கதைதான். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், இடையில் சேமித்துவைக்க வழியே கிடையாது. எனக்கு மனம் வாடியது. இரண்டு வாரம் விடாமல் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அது தவறு என்று இப்போது படுகிறது. என் நினைவுகளை அவர்கள் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

அவர்களைப் பிடித்துக்கொண்டது நான் அவ்வளவாகப் பொருட்படுத்தாத பேட்டில் சிட்டி. 1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட டேங்க் விளையாட்டு. இருவர் சேர்ந்து நின்று, கட்டத்துக்கு இருபது எதிரி டேங்குகளிடமிருந்து நம் தளமான கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். ஒருவர் முன்னே போனால் மற்றவர் காவல் நிற்க வேண்டும்; சண்டையும் சமாதானமும் அங்கேயே நடக்கும். அதைவிடப் பெரிய ஈர்ப்பு, களத்தை நாமே கட்டும் வசதி. செங்கல், இரும்பு, நீர், காடு என்று நினைத்தபடி அடுக்கலாம். ஆனால் கருவியை அணைத்தால் கட்டியது போய்விடும். அதனால் மகள் கணக்கு நோட்டில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம் போட்டு, வண்ணப் பென்சிலால் களத்தை வரைந்துவைக்க ஆரம்பித்தாள். மறுநாள் நோட்டைப் பார்த்து மகன் கட்டுவான். இதுவரை இரண்டு நோட்டு நிரம்பியிருக்கிறது. இதே கருவியை வைத்துக்கொண்டு எனக்கும் என் தம்பிக்கும் இப்படி ஒரு யோசனை வரவே இல்லை.

இனி அடைசல். உதிரிபாகத்துக்கு உதவும் என்று வாங்கிப்போட்ட ஓடாத கருவிகள் இரண்டு, எதற்கென்றே தெரியாத அடாப்டர்கள், ஒரு பை நிறைய வயர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு 21 அங்குலப் பழைய டிவி. அதை வைத்திருந்ததே துப்பாக்கிக்காகத்தான். வாத்துச் சுடும் விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை கண நேரம் கறுக்கும். பிறகு வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். படக்குழாய் டிவி அதை உடனுக்குடன் வரைந்துவிடும். புதிய எல்சிடி டிவியில் படம் சற்றுத் தாமதித்து வருவதற்குள் துப்பாக்கி பார்க்க வேண்டிய நேரம் கடந்துவிடுகிறது. ஆக, துப்பாக்கிக்கு டிவி, டிவிக்கு மேசை, மேசைக்கு ஓர் அறை மூலை என்று வளர்ந்தது. பதினோரு ஆண்டுகளில் இரண்டு வீடு மாறியபோதும் அந்த டிவியைத் தூக்கிக்கொண்டே போனேன். பிள்ளைகள் துப்பாக்கியை எடுத்தது மொத்தம் நான்கு முறை.

ஒவ்வொரு போகிக்கும் மனைவி கேட்பாள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பேன். போன போகிக்குத்தான் சம்மதித்தேன். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துப் பிரிக்கும் காயலான் கடைக்கு அதைப் போடக் கூடாது. மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி பெற்ற இடத்தில் கொடுத்தேன். ஓடாத கருவிகளும் அதனுடன் போயின. டிவி இருந்த மூலையில் இப்போது பாய் விரித்து ஆடுகிறார்கள். அந்த இடத்தைத் திருப்பித் தர இத்தனை ஆண்டு ஆக்கியிருக்க வேண்டாம்.

மீதமிருப்பது ஒரு கருவி, ஒன்பது கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னும் ஓர் அட்டைப்பெட்டியும் கொள்ளும் அளவு. இவற்றை நான் பூட்டிவைப்பதில்லை. கருவியின் மேல் மகன் ஒட்டிய ஸ்டிக்கர்களை முதலில் கண்டபோது பதறினேன், பிறகு விட்டுவிட்டேன். ஒரு கேசட்டின் மூடி உடைந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது. பரணில் பொத்திவைத்திருந்த காலத்தைவிட இப்போதுதான் அது வேகமாகத் தேய்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

பொங்கலுக்கு என் தம்பி வந்திருந்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக் எப்போதும் அவனுடையது. அவன் கையில் அதைக் கொடுக்காமல் மகள், “சித்தப்பா, முதலில் இதைப் பாருங்கள்” என்று நோட்டைத்தான் நீட்டினாள். இருவரும் ஒரு மணி நேரம் களம் வரைந்தார்கள். நீரைக் கழுகைச் சுற்றிப் போடலாமா, கூடாதா என்று பெரிய வாக்குவாதம். ஆட்டம் தொடங்கும்போது இரவு பத்தாகிவிட்டது.