மனசு சரியில்லை என்றால் முதலில் யாரிடம் பேசுவது: கிளினிக் டாக்டரா, அரசு மருத்துவமனையா, மனநல மருத்துவரா, கவுன்சிலரா?

தமிழ்நாட்டில் மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்கள் பலரும் முதலில் போவது பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத்தான். ஆனால் அங்கே சொல்வது தலைவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்று எரிச்சல், அசதி. கேட்டதற்கு மருந்து கிடைக்கும்: வாயு மாத்திரை, சத்து மாத்திரை, தூக்கம் வரவில்லை என்றால் அதற்கும் ஒன்று. சில மாதம் கழித்து ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்த பிறகு, அந்த டாக்டரிடம் மனசைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவரிடம் மனசைப் பற்றிப் பேசவே இல்லை.

முதல் பேச்சுக்குப் பெரும்பாலோருக்குக் கிளினிக் டாக்டரே போதும் என்பதுதான் எங்கள் கட்சி. காரணம், உடம்பை முதலில் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் அசதியும் சோர்வும் மனச்சோர்வு போலவே தெரியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும் அசைவமே சாப்பிடாதவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையைப் புரட்டிப் போடும். குடியும் அப்படித்தான். டி.எஸ்.எச். (தைராய்டுக்கானது), ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை ஆகிய பரிசோதனைகளை மனநல மருத்துவரும் கேட்கக்கூடும். நீங்கள் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதும் கிளினிக் டாக்டருக்கு ஏற்கெனவே தெரியும்.

அங்கே கிடைக்காதது நேரமும் தனிமையும். ஐந்து நிமிடம், கதவோரம் அடுத்த டோக்கன், அதே அறையில் உதவியாளர். கடைசி டோக்கனாகப் போவது இதற்கு ஓரளவு மருந்து. மனசு விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எழுந்திருக்கும்போது ‘அப்புறம் டாக்டர்...’ என்று தொடங்கினால் அது காதில் ஏறாது. இப்படிச் சொல்லலாம்: “டாக்டர், இன்னிக்குத் தலைவலிக்காக மட்டும் வரல. ரெண்டு மாசமா விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது. எதுலயும் நாட்டம் இல்ல. வேலைக்குப் போகவே முடியல.” எத்தனை நாளாக, தூக்கம், நாட்டம், வேலை என்ற நான்கும் அதில் வந்துவிட்டால் மீதியை அவரே கேட்டுக்கொள்வார். வாய் வராது என்றால் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பி நீட்டிவிடலாம்; தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும், வாய் திறந்து சொல்ல வேண்டும்.

கிளினிக்கில் சறுக்குவது மருந்துச் சீட்டில்தான். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை எம்.பி.பி.எஸ். டாக்டரே எழுதலாம். ஆனால் அவை வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, சற்றுக் கூடுதலான பதற்றம் வரலாம். இதைச் சொல்லாமல் அனுப்பினால் நோயாளி ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவார். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் யாராவது கவனிக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் கிறுகிறுப்பும் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரைகளின் சங்கதி வேறு. அன்றிரவே தூக்கம் தரும், அதனால் ‘இதுதான் நல்ல மாத்திரை’ என்று பெயர் வாங்கிவிடும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் போனால் பழக்கமாகிவிடும். பிறகு திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மனச்சோர்வு மருந்தையும் இந்தத் தூக்க மருந்தையும் ஒரே மாத்திரையில் கலந்தும் விற்கிறார்கள். அதில் தூக்க மருந்தை மட்டும் தனியே குறைக்க வழியில்லை. ஆகவே சீட்டைக் கையில் வாங்கியதும் கேளுங்கள்: இதில் எது மனச்சோர்வுக்கு, எது தூக்கத்துக்கு, தூக்க மாத்திரை எத்தனை நாளைக்கு? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் அந்தச் சிகிச்சையை அங்கே தொடர வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அரசுப் பக்கம் பலருக்குத் தெரியாமலே இருக்கும் வசதி மாவட்ட மனநலத் திட்டம். மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கு வருவார். எந்தக் கிழமை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவே தனியாக உண்டு. பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். மாதக் கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. விலை வேறு வகையில் கொடுக்க வேண்டியிருக்கும்: ஒரு நாள் கூலி போகும், அடுத்த முறை வேறு டாக்டர் இருப்பார், கையிருப்பைப் பொறுத்து மாத்திரையும் மாறலாம். பழைய ஓ.பி. சீட்டும் காலி மாத்திரை அட்டையும் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் குறையும். சின்ன ஊரில் வரிசையில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற கூச்சம் இருந்தால், பக்கத்து வட்டத்தின் நாளை விசாரித்துப் போவதில் தவறில்லை.

தனியார் மனநல மருத்துவரிடம் பணம் கூடுதலாகச் செலவாகும், பதிலுக்கு முதல் சந்திப்பில் பேச நேரம் கிடைக்கும். சிலர் கிளினிக்கைத் தாண்டி நேரே இவரிடமோ அரசு மனநலப் பிரிவுக்கோதான் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறியவர், காதில் குரல் கேட்பவர், பிரசவமான சில வாரங்களில் நிலை தடுமாறும் தாய் ஆகியோர் அந்த வகை. அடுத்தது, முன்பு எப்போதாவது பல நாள் தூங்காமலே களைப்பின்றி, அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பணத்தை இறைத்தவர். இவருக்கு இருப்பது அந்த வேகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம்; மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபடி அந்த வேகம் கிளம்பிவிடலாம். ஐந்து நிமிடப் பேச்சில் தவறிப்போகும் கேள்வி இதுதான். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்திருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சீட்டு, டோக்கன் எதுவும் வேண்டாம், 108.

மனநல மருத்துவரிடம் போனால் வேலைக்கும் கல்யாணத்துக்கும் கெடுதல் என்ற பயம் இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. விதிவிலக்குகள் சில மட்டுமே. ஊர் வாயைச் சட்டத்தால் கட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

உளவியலாளரும் கவுன்சிலரும் மாத்திரை எழுத மாட்டார்கள். லேசான, நடுத்தர மனச்சோர்வு, திடீர்ப் பதற்றத் தாக்குதல், திரும்பத் திரும்பக் கை கழுவ வைப்பது போன்ற எண்ணச் சுழற்சி, இவற்றுக்கெல்லாம் முறையான பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்யும். வாரம் ஒரு முறை என 8 முதல் 16 அமர்வு வரை ஆகும் என்பதால் மொத்தச் செலவு இதில்தான் அதிகமாகும். இரண்டு அமர்வில் நிறுத்தினால் கொடுத்த பணம் வீண். கவுன்சிலர் என்ற பலகையைக் குறுகிய காலப் படிப்பு முடித்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நரம்பு டாக்டரிடம் போகும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வலிப்பு, கை கால் மரத்துப்போதல், ஒற்றைத் தலைவலி என்றால் சரி. பதற்றத்துக்குப் போனால் மூளை ஸ்கேனுக்குச் செலவழித்து அதே எஸ்சிட்டலோப்ராமுடன் திரும்புவீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு இவர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது 14416. டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உடம்பைப் பரிசோதிக்க முடியாது என்பதால் கிளினிக்குக்கு மாற்றாகாது. எங்கே போவது என்றே தெரியாதவர் வழி கேட்கவும், நேரில் சொல்லக் கூசுவதை ஒரு முறை சொல்லிப் பார்க்கவும் நல்ல இடம்.

கிளினிக்கில் தொடங்கியவர் எத்தனை நாள் அங்கே இருப்பது? சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டும் மாற்றமே இல்லை என்றால் அந்த டாக்டரிடமே மனநல மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். மாத்திரையின் பெயர், மில்லிகிராம், தொடங்கிய தேதி, எதை ஏன் நிறுத்தினார்கள், ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய டாக்டர் அதே மாத்திரையில் முதலிலிருந்து தொடங்கிவிடுவார், இன்னும் ஆறு வாரம் போய்விடும். பழைய சீட்டு தொலைந்திருந்தால் மருந்துக்கடை பில்லை எடுத்துப் போங்கள். பெயரும் தேதியும் அதில் இருக்கும்.