ஆர்.வி.யில் சாட்டிலைட் டிவி: முதலில் ரிசீவர், அப்புறம் டிஷ்

ஆறு வருடமாக எங்கள் ஆர்.வி.யில், அதாவது வீட்டு வசதியோடு பயணம் போகும் மோட்டார்ஹோமில், சாட்டிலைட் டிவி ஓடுகிறது. இதற்குள் இரண்டு டிஷ், மூன்று ரிசீவர் மாற்றியாயிற்று. புதிதாக ஆர்.வி. வாங்கும் நண்பர்கள் "எந்த டிஷ் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். எந்தச் சந்தா, எந்த ரிசீவர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே என் பதில். டிஷ் அதற்கேற்றபடி அமைய வேண்டியது.

நான் தலைகீழாகச் செய்தேன். கூரையில் பொருத்தும் வெள்ளை டோம் ஒன்றை, அதாவது குவிமாட மூடிக்குள் இருக்கும் டிஷ்ஷை, முதலில் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் என்றார் விற்றவர். பொருத்தி, அமெரிக்கச் சாட்டிலைட் டிவி நிறுவனமான டைரக்டிவியின் ரிசீவரை மாட்டினால் எச்.டி. சேனல் ஒன்றுகூட வரவில்லை. எதுவும் பழுதாகவில்லை. டைரக்டிவியின் எச்.டி. சேனல்கள் மேற்குத் தீர்க்கரேகை 99, 103 டிகிரியில் நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்து கேஏ பேண்ட் என்னும் அலைவரிசையில், அதாவது 18 முதல் 20 கிகாஹெர்ட்ஸ் அளவில் வருகின்றன. என் டோமுக்குள் இருந்த எல்என்பி (சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவி) 12 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள கேயூ பேண்டை மட்டும் பிடிப்பது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கேஏ பேண்டைப் பிடிக்காது. டிஷ் நெட்வொர்க் என்ற இன்னொரு நிறுவனத்தின் சேனல்கள் கேயூ பேண்டில் வருவதால், டோமை வைத்துக்கொண்டு சந்தாவை மாற்றினோம்.

படம் வந்தது. ஆனால் சின்ன டோம்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளை மட்டுமே பார்க்கும். முன்னறையில் நான் 110 டிகிரியிலிருந்து வரும் சேனல் பார்த்துக்கொண்டிருப்பேன். படுக்கையறையில் மனைவி 119 டிகிரியில் உள்ள ஒன்றைப் போடுவார். கூரையில் மோட்டார் முனகும் சத்தம் கேட்கும், என் படம் உறைந்துவிடும். இருவர் இரண்டு டிவி பார்க்கும் குடும்பம் என்றால் இதை வாங்கும் முன்பே கேளுங்கள். ரிசீவரிலும் இதே கதைதான். டிஷ் நெட்வொர்க்கின் வாலி என்கிற ரிசீவருக்கு ஒரே ஒரு ட்யூனர் (ஒரு நேரத்தில் ஒரு சேனலைப் பிடிக்கும் பகுதி), ஆர்.வி. டோம்களோடு எளிதாகச் சேர்ந்துகொள்ளும். அவர்களின் பெரிய ரிசீவரான ஹாப்பர் 3-க்கு 16 ட்யூனர். அதற்கு ஹைப்ரிட் எனும் தனி வகை எல்என்பியோ, ஏற்ற சுவிட்சோ வேண்டும். வீட்டிலிருக்கும் ஹாப்பரைத் தூக்கிக்கொண்டு போய் டோமில் மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் வருடம் டோமைக் கழற்றிவிட்டு ட்ரைபாடில் நிற்கும் டிஷ்ஷுக்கு மாறினேன். 110, 119, 129 டிகிரியில் உள்ள மூன்று செயற்கைக்கோள்களையும் ஒரே சமயத்தில் பார்க்கும் எல்என்பி, 50 அடி ஆர்ஜி6 வகைக் கேபிள். இங்கேதான் என்னை மிகவும் அலைக்கழித்த சிக்கல் வந்தது. டிஷ்ஷிலிருந்து கேபிளை நேராக ரிசீவரில் செருகினால் சிக்னல் அருமை. வண்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் கேபிள் பாயின்ட் வழியாகக் கொடுத்தால் சைபர். மூன்று மாலை நேரம் இதிலேயே போனது. கனெக்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் டிவிக்குப் பின்னாலிருந்த பலகையைக் கழற்றினேன். தூசிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்ப்ளிட்டர், ஒரு கேபிளின் சிக்னலைப் பல டிவிக்குப் பிரிக்கும் துண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் பொடி எழுத்தில் 5–900 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தது.

எல்என்பியிலிருந்து இறங்கி வரும் சிக்னல் 950-இல் ஆரம்பித்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை போவது. அது கேபிள் டிவிக்காகச் செய்த ஸ்ப்ளிட்டரைத் தாண்டி வராது. அது மட்டுமல்ல, எல்என்பி வேலை செய்ய ரிசீவர் அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மேலே அனுப்ப வேண்டும். அந்த மின்சாரமும் அங்கேயே நின்றுவிட்டது. ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு ஒரு சாதாரண கப்ளரால் இரண்டு கேபிளையும் இணைத்தேன். ஒரு நிமிடத்தில் படம் வந்தது. கூரை ஆன்டெனாவின் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பிளேட் வழியாகக் கேபிள் போனாலும் இதே தொல்லை வரும். ஆகவே வண்டிக்குள் கேபிள் எங்கெங்கே போகிறது என்று ஒருமுறை கையால் தொட்டுத் தேடிப் பாருங்கள்.

ட்ரைபாட் வந்த பிறகு வண்டியை நிழலில் நிறுத்த முடிகிறது. டிஷ் மட்டும் வெயிலில், மரம் மறைக்காத இடத்தில் நிற்கும். காற்றுக்கு விழாமலிருக்க நடுவில் ஒரு தண்ணீர் கேன் தொங்கவிடுகிறேன்.

மெய்ன் மாநிலத்தில் அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போனபோது இன்னொன்று புரிந்தது. டிஷ் நெட்வொர்க்கின் செயற்கைக்கோள்கள் இரண்டு கூட்டம்; மேற்கு வளைவு என்பது 110, 119, 129 டிகிரி. அகேடியாவிலிருந்து பார்த்தால் 129 அடிவானத்துக்கு மேலே சுமார் 12 டிகிரிதான். பைன் மரங்களைத் தாண்டி அதைப் பிடிக்க வழியே இல்லை. கிழக்கு வளைவான 61.5, 72.7 டிகிரிக்குரிய எல்என்பி இருந்தால் அங்கே டிஷ் நன்றாக நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். அதனால் இரண்டு எல்என்பியும் இப்போது பெட்டியில் இருக்கின்றன. மாற்றப் பத்து நிமிடம். மாற்றியதும் ரிசீவர் புது எல்என்பியை அடையாளம் காண, அதன் மெனுவில் சுவிட்ச் டெஸ்ட் ஓட்ட மறக்காதீர்கள். டிஷ்ஷைத் திருப்பக் காம்பஸ் பார்த்தால், மெய்ன் பக்கம் அது காட்டும் வடக்கு உண்மையான வடக்கிலிருந்து 15 டிகிரி அளவு விலகியிருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உள்ளூர் சேனல்கள் ஸ்பாட் பீமில், அதாவது ஒரு பகுதிக்கு மட்டும் விழும் குறுகிய கற்றையில், வருபவை. சில நூறு மைல் தள்ளிப் போனால் மறைந்துவிடும். அதற்குக் கூரை ஆன்டெனாவே போதும் என்று விட்டுவிட்டோம்.

வெளியே இருக்கும் கனெக்டர்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். போன குளிர்காலத்தில் ஒன்றில் தண்ணீர் இறங்கி, நடுக்கம்பி பச்சையாகிவிட்டது. அந்த முனையை வெட்டி, புது எஃப் கனெக்டர் போட்ட பிறகுதான் 119 திரும்ப வந்தது.