10×50 பைனாகுலரில் நிலா: சில வருடப் பழக்கத்தில்

நிலா பார்க்கவென்றே வாங்கிய பைனாகுலர் இது. பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் லென்ஸ், நடுத்தர விலை. சனியின் வளையத்தையெல்லாம் இதில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு வேலையை அசத்தலாகச் செய்கிறது: நிலா தலையாட்டுவதைக் காட்டுகிறது.

நிலா ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று பள்ளியில் படித்தோமே, அது முக்கால்வாசி சரி. தன்னைத்தானே சுற்றவும் பூமியைச் சுற்றவும் அதற்கு ஒரே 27.3 நாள்தான். தன்சுழற்சி சீரான வேகத்தில் நடக்கிறது, பாதையோ நீள்வட்டம். பூமிக்கு அருகே, சுமார் 3,60,000 கி.மீ.க்கு வரும்போது ஓட்டம் கூடும், 4,05,000 கி.மீ. தள்ளிப் போனால் மந்தமாகிவிடும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததால் கிழக்கு, மேற்கு ஓரங்கள் மாறி மாறி எட்டு டிகிரி வரை எட்டிப்பார்க்கும். அச்சுச் சாய்வால் வடக்கு தெற்காகவும் ஏழு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஆடும். எல்லாம் சேர்த்தால் நிலாவின் பரப்பில் 59 சதவீதம் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைப் பிடிக்க ஒரு அடையாளம் போதும். வளர்பிறையில் முதலில் வெளிச்சம் படும் பக்கத்தில், மற்ற கரும்பகுதிகளோடு ஒட்டாமல் தனியாக ஒரு முட்டை வடிவத் திட்டு இருக்கும். மாரே கிரைசியம் என்று பெயர். அதற்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள வெளுத்த இடைவெளியைப் பாருங்கள். நிலா நெருங்கி வந்து ஒரு வாரம் ஆனபின் அது தாராளமாக இருக்கும். தூரம் போய் ஒரு வாரம் ஆனபின் நூலளவுதான். பௌர்ணமிதோறும் அந்த ஓரத்தை மட்டும் பென்சிலால் வரைந்துவைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

டிரைபாட் இல்லாமல் இது நடக்காது. கையில் பிடித்தால் நிலா துள்ளுகிறது, இடைவெளியை அளவிட முடியாது. டிரைபாடில் மாட்டி நிலாவை நடுவில் வைத்துவிட்டால் பத்து நிமிஷத்துக்கு மேல் காட்சிக்குள்ளேயே நிற்கும். அடிக்கடி நகர்த்த வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. காட்சியின் ஓரத்தில் உருவம் மங்குகிறது. அதைவிடப் பெரிய தொல்லை கழுத்துவலி. மார்கழிப் பௌர்ணமி நிலா நம் ஊரில் நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். டிரைபாடுக்கு அடியில் குனிந்து நிமிர்ந்து பார்ப்பது தண்டனை. அந்த மாதங்களில் நிலா ஏறும் முன்பே, எட்டு மணி வாக்கில் பார்த்து முடித்துவிடுகிறேன். அப்புறம் பூஞ்சை: கடலோர ஊர் என்றால் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் ஜூம் வகைப் பக்கம் போக வேண்டாம். டிரைபாட் மாட்டும் திருகுத் துளை இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.